பசியடக்கும் மாத்திரையா, வாராந்தர ஊசியா? டர்பன் தமிழர்களுக்கு ஓர் அலசல்

டர்பனில் நம்மவர்கள் வாழும் சாட்ஸ்வொர்த்திலோ ஃபீனிக்ஸிலோ ஒரு கல்யாணம் நிச்சயமானால் போதும், மண்டபத்துக்கு முன்பணம் கட்டிய கையோடு வீட்டில் யாராவது ஒருவர் டாக்டரிடம் போய் டியூரோமின் என்ற பசியடக்கும் மாத்திரை கேட்பார். 2025 ஆகஸ்டில் வெகோவி என்ற வாராந்தர எடைக்குறைப்பு ஊசி தென்னாப்பிரிக்காவில் விற்பனைக்கு வந்தபின், கேட்கும் பெயர் மாறத் தொடங்கியிருக்கிறது. இரண்டும் பசியைக் குறைக்கின்றன. ஒற்றுமை அத்தோடு சரி.

டியூரோமினில் இருப்பது ஃபென்டெர்மின். ஆம்ஃபெட்டமின் என்ற ஊக்கமருந்துக்கு ஒன்றுவிட்ட தம்பி. மூளையில் நாரட்ரினலின் என்ற உசுப்பும் ரசாயனத்தைப் பெருக்கி, நாய் துரத்தும்போது உடம்பு முறுக்கேறுகிறதே, அந்த நிலையில் கொண்டுபோய் நிறுத்துகிறது. அப்போது யாருக்குப் பசிக்கும்? காலையில் விழுங்க வேண்டும். மதியம் தாண்டி விழுங்கினால் விடிய விடிய உத்தரத்தை எண்ணிக்கொண்டு கிடக்க வேண்டியதுதான். வாய் உலரும், நெஞ்சு படபடக்கும், இரத்த அழுத்தம் ஏறலாம். அமெரிக்காவில் 1959-லேயே அனுமதி பெற்ற பழைய மருந்து என்றாலும், சாதாரணமாகச் சுமார் 12 வாரங்களுக்கு மேல் கொடுப்பதில்லை. இங்கே மருந்துக் கட்டுப்பாட்டுப் பட்டியலின் அட்டவணை 5-இல் இருப்பதால் சீட்டு இல்லாமல் கிடைக்காது.

டாக்டர்கள் தயங்குவதற்குக் காரணம் உண்டு. 1990-களில் இதே ஃபென்டெர்மினோடு ஃபென்ஃபுளூரமின் என்ற இன்னொரு பசியடக்கியைச் சேர்த்துக் கொடுத்தார்கள். இதய வால்வுகள் பழுதானதால் 1997-இல் ஃபென்ஃபுளூரமின் திரும்பப் பெறப்பட்டது. பசியடக்கியாகக் கொடிகட்டிப் பறந்த சிபுட்ராமினும் மாரடைப்பு, பக்கவாத அபாயத்தால் 2010-இல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் சந்தையை விட்டுப் போனது.

வெகோவியில் உள்ள செமாக்ளுடைட் வேறு வழியில் வேலை செய்கிறது. சாப்பிட்டதும் குடல் சுரக்கும் ஜிஎல்பி-1 என்ற ஹார்மோனின் வேலையை அது செய்கிறது. வயிறு மெதுவாகக் காலியாகிறது, மூளைக்குப் 'போதும்' என்ற சேதி சீக்கிரம் போகிறது. கால்வாசி ரொட்டியைக் குடைந்து கறிக்குழம்பு நிரப்பிய பன்னி சௌ வாங்கினால், நடுவில் தோண்டிய ரொட்டியைக் குழம்பில் தோய்த்துத் தின்பதற்குள்ளேயே கை நின்றுவிடும். கறி அப்படியே கிடக்கும். பேனாவின் திருகைத் திருப்பி, தொப்புளுக்குப் பக்கத்தில் வைத்து அழுத்தி, மெதுவாக ஆறு எண்ணி எடுக்க வேண்டும். வாரம் ஒரு முறைதான். 0.25 மில்லிகிராமில் தொடங்கி, மாதத்துக்கு ஒரு படியாக 2.4 வரை ஏற்றுவார்கள். அவசரப்பட்டுப் படி தாண்டினால் குமட்டலும் வாந்தியும் படுத்தி எடுக்கும். மலச்சிக்கலும் பித்தப்பைக் கல்லும் வரலாம், அரிதாகக் கணைய அழற்சியும் வரலாம். 2021-இல் வெளியான பெரிய ஆய்வில் 68 வாரங்களில் சராசரியாக 14.9 சதவீத எடை குறைந்தது. மருந்தில்லாத வெற்று ஊசி போட்டவர்களுக்கு 2.4 சதவீதம். மாத்திரையிடம் இதை எதிர்பார்க்க முடியாது.

ஓர்லிஸ்டாட் என்ற எடைக்குறைப்பு மருந்தையும் சிலர் இந்தப் பட்டியலில் சேர்க்கிறார்கள். அது பசியைத் தொடுவதே இல்லை. தின்ற கொழுப்பில் சுமார் மூன்றில் ஒரு பங்கை உடம்பில் சேரவிடாமல் வெளியே தள்ளுகிறது. பிரியாணி விருந்துக்குப் போகிறவர் கழிப்பறைக்கு அருகில் இடம் பிடிப்பது நல்லது.

என் கணக்கில், நம் ஆட்களுக்கு இதைத் தீர்மானிப்பது எடைத் தராசு அல்ல, இரத்த அழுத்த மானி. டர்பன் இந்திய வம்சாவளியினரிடம் சர்க்கரை நோய் மிகுதி என்பது இங்குள்ள டாக்டர்கள் அறிந்த சேதி. ஆசிய உடல்வாகுக்கு பிஎம்ஐ (உயரத்தோடு எடையை ஒப்பிடும் எண்) 23-லேயே ஆபத்து கூடத் தொடங்குகிறது, 27.5-இல் அதிகமாகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2004-லேயே சொல்லிவிட்டது. சர்க்கரையும் பிரஷரும் சேர்ந்திருக்கும் ஐம்பது வயது அத்தைக்கு நாரட்ரினலினைத் தூண்டும் மாத்திரை கொடுப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. இதயம் நன்றாக இருக்கும் இளவயதினருக்கு, டாக்டர் அடிக்கடி அழுத்தம் பார்க்கும் நிலையில், மூன்று மாத மாத்திரை ஒரு தொடக்கமாக இருக்கலாம். கல்யாணப் புடவைக்காக என்றால் இரண்டுமே வேண்டாம்.

பணம் என்று வரும்போது மாத்திரை வெகு மலிவு. ஊசிக்கு மாதாமாதம் ஆயிரக்கணக்கில் ராண்ட் போகும். ஆனால் முதல் மாத பில்லைப் பார்த்து ஒப்பிடுவது தப்புக் கணக்கு. ஊசியை நிறுத்தியவர்களைத் தொடர்ந்து பார்த்ததில், குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு ஓராண்டுக்குள் திரும்பிவிட்டது. அதாவது பிரஷர் மாத்திரையைப் போல ஆண்டுக்கணக்கில் போட வேண்டிய மருந்து இது. மெடிக்கல் எய்ட் என்ற மருத்துவக் காப்பீட்டு நிறுவனங்கள் கட்டாயம் செலவை ஏற்க வேண்டிய நாட்பட்ட நோய்ப் பட்டியலில் இரண்டாம் வகைச் சர்க்கரை இருக்கிறது, உடல்பருமன் இல்லை. திட்டத்தின் விதிகளைப் படித்துவிட்டு ஆரம்பியுங்கள்.

இன்னொன்று, புதுப் பேனாவைக் குளிர்பெட்டியில் வைக்க வேண்டும். மின்வெட்டுக் காலத்தை மறந்துவிடாதவர்கள் ஒரேயடியாக நான்கு மாதத்துக்கு வாங்கி அடுக்க மாட்டார்கள். வாட்ஸ்அப்பில் பாதி விலைக்கு வரும் 'கலந்து தயாரித்த' ஊசிகளும் உண்டு. போலி செமாக்ளுடைட் பற்றித் தென்னாப்பிரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு ஆணையமான சாஃப்ராவே எச்சரித்திருக்கிறது. அதைப் போட்டுக்கொள்வதைவிட, எந்த மருந்தும் போடாமல் குண்டாகவே இருக்கலாம்.