15 மி.லி. என்னும் கணக்கு: சாலட் டிரெஸ்ஸிங்குடன் இரண்டு ஆண்டுகள்

கும்பகோணத்தில் நான் வழக்கமாகச் சாமான் வாங்கும் கடையில் சாலட் டிரெஸ்ஸிங் (பச்சைக் காய்கறிகளின் மேல் ஊற்றிக் கலக்கும் சுவைக்கலவை) பாட்டில்களின் விலையைக் குறைத்திருக்கிறார்கள். அதைக் கேள்விப்பட்டு, இரத்த அழுத்தத்துக்கு மருந்து உட்கொள்ளும் நண்பர் ஒருவர், எதை வாங்கலாம் என்று என்னிடம் கேட்டார். இரண்டு ஆண்டுகளில் மூன்று வகைகளைத் தீர்த்தவன் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

முதலில் வாங்கியது ‘கொழுப்பற்றது’. சேர்மானப் பட்டியலில் தண்ணீருக்கு அடுத்ததாகச் சர்க்கரை இருந்தது. எடையில் மிகுந்த பொருளை முதலில் குறிப்பிட வேண்டும் என்பது விதியாதலால், எண்ணெயை எடுத்த இடத்தை எதைக் கொண்டு நிரப்பினார்கள் என்பது விளங்கிவிட்டது. காரட்டில் உள்ள கரோட்டின் என்னும் சத்தை உடல் நன்றாக ஏற்கச் சிறிது கொழுப்பு தேவை என்பதால், கொழுப்பை நீக்கிய வெற்றியிலும் பொருளில்லை. இரண்டாவது பாட்டிலின் முகப்பில் ஆலிவ் கிளை, பட்டியலின் தலையில் சோயா எண்ணெய். அதைப் பற்றி எழுத வேறொன்றும் இல்லை.

மூன்றாவதை மனமாரப் பாராட்டுவேன். எண்ணெய், வினிகர், கடுகு, மிளகு, உப்பு ஆகியவற்றுக்கு மேல் அதில் எதுவும் இல்லை. கெட்டிப்படுத்தும் சாந்தன் கம் சேர்க்காததால் எண்ணெய் மேலே பிரிந்து நிற்கும் (அந்தப் பசையால் கேடு என்று சொல்லவில்லை, பிரிந்து நிற்பதைப் பார்ப்பதில் எனக்கொரு திருப்தி). நன்றாகக் குலுக்கி ஊற்றிக் கொடுத்தால், வெள்ளரிப்பிஞ்சைத் திரும்பியும் பாராத என் மகன் தட்டை வழித்துவிடுகிறான்.

என் கோபமெல்லாம் லேபிளில் உள்ள ஒற்றை வரியின் மீதுதான். ஒரு முறை பரிமாறும் அளவுக்கு, அதாவது 15 மி.லி.க்கு, 180 மில்லிகிராம் சோடியம் (உப்பில் இருப்பது, இரத்த அழுத்தத்தை ஏற்றுவது) என்று அடக்கமாக அச்சிட்டிருக்கிறார்கள். ஒரு தட்டு வெள்ளரியும் தக்காளியும் நனைய 15 மி.லி. எந்த மூலைக்கு? அளவுக்கரண்டியால் ஒரு வாரம் அளந்து பார்த்தேன். ஒவ்வொரு முறையும் 45 மி.லி.க்குக் குறையவில்லை. அப்படியானால் 540 மில்லிகிராம் சோடியம், உப்பாகக் கணக்கிட்டால் ஏறத்தாழ 1.35 கிராம். ஒரு நாளைக்கே 5 கிராமுக்குக் குறைவாக உப்பு இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சாம்பாரும் ஊறுகாயும் இன்னும் இலைக்கு வரவேயில்லை. அந்த லேபிளிலேயே 100 மி.லி.க்கு 1,200 மில்லிகிராம் என்ற கணக்கும் இருக்கிறது, ஆனால் கண்ணாடி இல்லாமல் படிக்க முடியாத எழுத்தில். எந்த இரண்டு பாட்டில்களை ஒப்பிட்டாலும் அந்த எண்ணைத்தான் பார்க்க வேண்டும்.

சம்பா அறுத்த வயலில் விளைந்த பயற்றை உடைத்து ஊறவைத்து, எலுமிச்சை பிழிந்து, கடுகு தாளித்து அம்மா செய்யும் கோசுமல்லிக்கு லேபிளே கிடையாது. அதில் விழும் உப்பையும் இதுவரை யாரும் அளந்ததில்லை என்பதை நேர்மையாகச் சொல்லியாக வேண்டும்.

எதையும் வாங்க வேண்டாம் என்று நண்பரிடம் சொல்லிவிட்டேன். விலை குறைந்திருந்ததால் மூன்றாவது வகையில் இரண்டு பாட்டில்களை நான் எடுத்து வந்திருக்கிறேன்.