ஒரே கல்லீரல், இரண்டு எண்கள்

வெளிநாட்டில் ஸ்கேன் பிரிவில் பணிபுரியும் நான், விடுமுறையில் ஊருக்கு வந்திருந்தபோது அக்காவின் கல்லீரல் எலாஸ்டோகிராஃபி அறிக்கையைப் பார்க்க நேர்ந்தது. ஒலித்துடிப்பால் கல்லீரலுக்குள் ஓர் அலையை எழுப்பி, அது ஓடும் வேகத்திலிருந்து கல்லீரலின் கடினத்தை அளக்கும் ஸ்கேன் அது. கடினத்தின் அளவாக 11.8 கிலோபாஸ்கல் என்ற ஒற்றை எண்ணும், தழும்பேற்றம் முற்றியிருக்கிறது என்ற குறிப்புமே அதில் இருந்தன; எத்தனை முறை அளந்தார்கள், அந்த அளவுகள் தமக்குள் எவ்வளவு வேறுபட்டன என்ற விவரம் இல்லை.

படத்தைக் கண்டதுமே சந்தேகம் வந்தது. கடினத்தை நிறங்களாகக் காட்டும் வண்ணப் பெட்டியின் மேல்விளிம்பு கல்லீரலின் உறையோடு ஒட்டியிருந்தது. உறைக்குக் கீழே பட்டையாக ஓடிய, கடினத்தைக் குறிக்கும் சிவப்பின் மீது, எண்ணை எடுக்கும் அளவு வட்டத்தில் பாதி பதிந்திருந்தது. உறையில் மோதி மோதித் திரும்பும் எதிரொலிகள் அந்தப் பகுதியைப் பொய்யாகக் கடினமாகக் காட்டக்கூடும் என்பதால், உறையிலிருந்து ஒன்றரை முதல் இரண்டு சென்டிமீட்டராவது தள்ளித்தான் அளக்க வேண்டும். அதற்காக மிக ஆழத்துக்குப் போனாலும் ஒலித்துடிப்பு வலுவிழந்து வண்ணத்தில் ஓட்டைகள் விழும். ஓட்டை விழுந்த படமாவது தன் குறையைக் காட்டிக்கொடுக்கும். சீராக நிரம்பிய சிவப்புதான் ஏமாற்றும்.

அக்காவிடம் விசாரித்தேன். "சாப்பிட்டு ஒரு மணி நேரத்துல கூப்பிட்டுட்டாங்கடா, மூச்சை நல்லா இழுத்துப் பிடிக்கச் சொன்னாங்க" என்றார். இரண்டுமே தவறு. உணவுக்குப் பின் கல்லீரலுக்குள் இரத்த ஓட்டம் பெருகி, அளவு கூடித் தெரியும். நான்கு மணி நேரம் வெறும் வயிறாக இருப்பது நல்லது. மூச்சையும் ஆழமாக இழுக்காமல், இயல்பாக விடும்போது சில நொடிகள் நிறுத்தினால் போதும்.

மறுவாரம் அதே மையத்தில் பேசியபோது, மருத்துவர் முகம் சுளிக்காமல் மறுபடி எடுக்க ஒப்புக்கொண்டார். அக்காவின் வலது கையைத் தலைக்கு மேல் வைக்கச் சொல்லி, விலா எலும்புகளின் இடைவெளி வழியே, இரத்தக் குழாய்களைத் தவிர்த்து ஐந்து முறை அளந்தார். இதயத் துடிப்பு குழப்பும் இடது மடலின் பக்கமே போகவில்லை. நடுமதிப்பு 6.2 கிலோபாஸ்கல்; ஐ.க்யூ.ஆர். எனப்படும் சிதறல் அதில் 14 சதவீதம். கிலோபாஸ்கலில் 30 சதவீதம் வரை ஏற்கலாம். அலையின் வேகமாகத் தந்தால் 15தான் வரம்பு, ஏனெனில் கிலோபாஸ்கல் வேகத்தின் வர்க்கத்திலிருந்து வருவது. கல்லீரல் அழற்சியும் எண்ணை உயர்த்தும். அக்காவின் இரத்தப் பரிசோதனையில், அழற்சி இருந்தால் கூடும் ஏ.எல்.டி. என்ற கல்லீரல் நொதி இயல்பாகவே இருந்தது.

கருவிக்குக் கருவி அளவு மாறுவதால், நான் பணிபுரியும் இடத்தின் எண்ணோடு இதை ஒப்பிட முடியாது. கருவியின் பெயரையும் வெறும் வயிற்று நேரத்தையும் அறிக்கையில் எழுதித் தரும்படி கேட்டு வாங்கி, அடுத்த ஆண்டும் அங்கேயே எடுக்கச் சொல்லிவிட்டு வந்தேன்.