நாலு சென்சாருக்கு 412 டாலர், குறை இருந்ததோ அஞ்சாவது டயரில்

பழைய பிக்கப் டிரக் வைத்திருக்கிறவர்கள், குறிப்பாக ஹூஸ்டன் பக்கத்து ஆட்கள், டயர் கடையில் கார்டை நீட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

என்னுடையது 2013 மாடல் டொயோட்டா டக்கோமா. போன மே மாதம் ஒரு காலையில் டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்தது. லாடம் மாதிரி ஒரு வளைவு, நடுவில் ஆச்சரியக்குறி. டயரில் காற்று குறைந்தால் எரிகிற விளக்கு. இறங்கி கேஜ் வைத்துப் பார்த்தேன். டிரைவர் கதவோரம் ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரில் காற்றழுத்தம் 30 பி.எஸ்.ஐ. என்று இருக்கிறது; நாலு டயரிலும் 30, 31 இருந்தது. விளக்கு மட்டும் அணையவில்லை.

பக்கத்து டயர் கடைக்குப் போனேன். கவுண்டரில் இருந்தவர் வண்டியை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. "2013-ஆ? சென்சார் பேட்டரி தீர்ந்திருக்கும். நாலையும் மாத்திடுங்க" என்றார். நம்புகிற மாதிரிதான் இருந்தது. காற்றழுத்தத்தை அளக்கிற இந்தச் சென்சார் சக்கரத்துக்குள்ளே வால்வோடு சேர்ந்து இருக்கும். அதன் பேட்டரியைத் தனியாக மாற்ற முடியாது; ஐந்து முதல் பத்து வருஷம் வரை வரும். சரி என்று 412 டாலருக்குக் கார்டைத் தேய்த்தேன். ஒன்றரை மணி நேரம் கழித்து சாவியைக் கொடுத்தார்கள். விளக்கு அப்போதும் எரிந்தது. கொஞ்ச தூரம் ஓட்டினால் அணைந்துவிடுமாம். மூன்று நாள் பொறுத்துத் திரும்பப் போனால், "அப்ப கம்ப்யூட்டர் போயிருக்கும், இன்னொரு 600 ஆகும்" என்கிறார்.

யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். வந்து செய்த முட்டாள்தனம் என்னவென்றால், அந்த விளக்கின் மேல் ஒரு துண்டு கறுப்பு டேப்பை ஒட்டினேன்.

ஜூலையில் டல்லாஸில் இருக்கிற மச்சான் வீட்டுக்கு, பின்னால் இரண்டு கறிவேப்பிலைத் தொட்டியும் ஒரு முருங்கைக் கன்றும் ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். ஐ-45 நெடுஞ்சாலையில் ஹன்ட்ஸ்வில் தாண்டியதும் வண்டி வலது பக்கம் இழுத்தது. முன் டயரில் ஒரு ஸ்க்ரூ. மத்தியான வெயிலில், லாரிகள் உரசிக்கொண்டு போகிற ரோட்டோரத்தில் வண்டிக்கு அடியிலிருந்து ஸ்பேர் டயரை இறக்கினேன். பம்பர் பக்கத் துளையில் கம்பியை விட்டுச் சுற்றினால் சங்கிலியில் தொங்கி இறங்கும். துருவேறிய சங்கிலி கிறீச் கிறீச்சென்று இறங்கியது. டயரை நிமிர்த்தி வைத்து அழுத்தினால் உள்ளே போகிறது. கேஜ் 9 காட்டியது. பக்கவாட்டில் டயர் எப்போது தயாரானது என்று சொல்கிற டி.ஓ.டி. எண்ணின் கடைசி நாலு இலக்கம் 3812, அதாவது 2012-இன் 38-ஆவது வாரம். வண்டியோடு வந்த டயர். யாரும் தொட்டதே இல்லை.

"இதுக்குள்ளயும் சென்சார் இருக்குமோ?" என்றாள் மனைவி. நல்லவேளை, சின்ன கம்ப்ரஸர் கையில் இருந்தது. அது காற்று அடித்துக்கொண்டிருக்கும்போதே கிளவ் பாக்ஸிலிருந்து மேனுவலை எடுத்தேன். இருக்கிறது. இந்த வண்டியில் ஐந்து சென்சார். இன்னொன்றும் அதிலேயே போட்டிருக்கிறது: விளக்கு நிலையாக எரிந்தால் காற்றுக் குறைவு, ஒரு நிமிஷம் போல மினுக்கிவிட்டுப் பிறகு நிலையாக எரிந்தால்தான் சென்சாரோ சிஸ்டமோ பழுது. என் விளக்கு ஒரு நாள்கூட மினுக்கியதில்லை. டயர் கடையில் உட்கார்ந்திருக்கிறவருக்கு இது தெரியாமல் இருக்குமா?

2000-இல், ஃபயர்ஸ்டோன் கம்பெனி டயர்கள் ஓடும்போதே பிய்ந்து வண்டிகள் கவிழ்ந்த பிரச்சினை பெரிதாக வெடித்த பிறகு வந்த சட்டத்தால்தான் இந்த விளக்கே வந்தது. 2007 செப்டம்பரிலிருந்து அமெரிக்காவில் விற்பதற்காகத் தயாராகிற கார், சாதாரண பிக்கப் எல்லாவற்றிலும் கட்டாயம். காற்று, ஸ்டிக்கரில் உள்ள அளவைவிட 25 சதவீதம் குறைந்தால் எரிய வேண்டும். ஸ்பேரைக் கண்காணிக்கச் சட்டம் சொல்லவில்லை. அது கம்பெனியின் இஷ்டம். ஃபோர்டு எஃப்-150 வைத்திருக்கிற நண்பரின் ஸ்பேரில் சென்சார் கிடையாது. அவருக்கு அந்த டயர் காலியானாலும் விளக்கு வராது. கேஜோடு கீழே படுத்துப் பார்த்தால்தான் உண்டு.

பழைய ஸ்பேரிலேயே மெதுவாக உருட்டி மேடிசன்வில் போய்ச் சேர்ந்தோம். அங்கே ஒரு பெரியவரின் கடை. பஞ்சரான டயரை ரிம்மிலிருந்து கழற்றியவர் என்னைக் கூப்பிட்டு, "புது சென்சார்னு சொன்னீங்களே?" என்று காட்டினார். வால்வு நட்டு வெள்ளையாகப் பூத்துக் கிடந்தது. அடி ரப்பர் வெடித்திருந்தது. மற்ற மூன்றின் நட்டும் அதே கதி. கையடக்கக் கருவியை ஒவ்வொரு சக்கரத்தின் பக்கத்திலும் வைத்துப் பார்த்தார். நாலு சென்சாரின் பேட்டரியும் நன்றாகவே இருந்தது. நட்டு இப்படிப் பூத்திருந்தால் அது பல வருஷப் பழசு; ஆக, அந்தக் கடையில் ஒன்றைக்கூட மாற்றவில்லை. ஒன்றரை மணி நேரம் என்ன செய்தார்களோ! பஞ்சர் ஒட்ட 25 டாலர் வாங்கினார். சக்கரத்தை மாட்டிக்கொண்டு, டேப்பையும் உரித்துவிட்டு ஒரு மைல் ஓட்டியிருப்போம், விளக்கு தானாக அணைந்தது.

ஊர் திரும்பி அந்தக் கடைக்குப் போனேன். மேனேஜர் பில்லைத் திருப்பிக் காட்டி, "நாலு சென்சார்னு போட்டிருக்கே" என்றார். கழற்றிய பழையது எங்கே என்றால் குப்பைக்குப் போய்விட்டதாம். வேலைக்கு விடும்போதே பழைய சாமானைக் கையில் கொடுக்கச் சொல்லியிருக்க வேண்டும், அப்போதே வால்வை ஒரு போட்டோ எடுத்து வைத்திருக்க வேண்டும். இரண்டையும் நான் செய்யவில்லை.

பணத்தைத் திருப்பிக் கேட்டு, கார்டு கம்பெனிக்கு மேடிசன்வில்லில் எடுத்த, பூத்துப்போன நட்டின் படத்தையும், பெரியவர் எழுதிக் கொடுத்த சீட்டையும் அனுப்பியிருக்கிறேன். கடைக்காரர்கள் பதிலுக்கு அதே பில்லை அனுப்பியிருக்கிறார்கள்.