வெட்டும் புள்ளியா, சூத்திரமா, போனா?

தன்னுடைய வர்க்கம் தன்னைவிட 3 கூடுதலாக இருக்கும் எண் எது? கொழும்பு வெள்ளவத்தையில் ரியூசன் முடிந்து வரும் ஒரு சாதாரண தரப் பிள்ளையிடம் கேட்டுப்பாருங்கள். சமன்பாட்டை எழுதும், காரணி வராது என்று கண்டதும் நேரே இருபடிச் சமன்பாட்டுச் சூத்திரத்துக்குப் போய்விடும். √13 உடன் சரியான விடை வரும். ஆனால் ஏன் இரண்டு விடை என்று கேட்டால் பேச்சு நின்றுவிடும்.

இந்த இடத்தில் நான் முழுக்க வரைபின் பக்கம். வர்க்கத்தின் பரவளைவை வரைபுத்தாளில் ஒருதடவை ஒழுங்காகக் கீறி, அதன்மேல் படித்திறன் (சரிவு) 1, வெட்டுத்துண்டு (நிலைக்குத்து அச்சை வெட்டும் இடம்) 3 உள்ள நேர்கோட்டைப் போட்டால் இரண்டு இடத்தில் வெட்டும், அச்சில் வாசித்தால் ஏறக்குறைய 2.3, −1.3. இனி அடிமட்டத்தை அதே சரிவில் கீழே நகர்த்திக்கொண்டே போங்கள், இரண்டு புள்ளியும் நெருங்கி, வெட்டுத்துண்டு −0.25க்கு வரும்போது கோடு வளைவைத் தொட்டு நிற்கும், அதற்கும் கீழே போனால் வெட்டே இல்லை. இரண்டு மூலம் (விடை), ஒரு மூலம், மூலம் இல்லை என்று பாடமாக்கியதெல்லாம் கண்முன்னே நடக்கிறது.

ஒரு எண்ணின் கனத்தோடு அதே எண்ணைக் கூட்ட 1 வரவேண்டும் என்று கேட்டால் அந்தப் பிள்ளையின் கையில் சூத்திரமே இல்லை. வரைபுக்கு அதுவும் ஒன்றுதான்: 0.7க்குச் சற்று முன்னால் ஒரே ஒரு வெட்டு. பாரசீகக் கணித அறிஞர் ஓமர் கய்யாம் 11ஆம் நூற்றாண்டில் முப்படிச் சமன்பாடுகளுக்கு வழி கண்டதும் பரவளைவு, வட்டம் போன்ற கூம்பு வெட்டு வளைவுகளை ஒன்றையொன்று வெட்டவிட்டுத்தான்.

சரி, வரைபு எங்கே காலை வாரும்? ஏறக்குறைய சமாந்தரமான கோடுகளில். ஒரு கோடு உற்பத்தி, அதாவது (0,0), வழியே படித்திறன் 1 உடன் போகிறது, மற்றதற்குப் படித்திறன் 1.1, வெட்டுத்துண்டு −0.6. இரண்டும் 6இல் வெட்டுகின்றன. ஒரு அலகுக்கு ஒரு சென்ரிமீற்றர் எடுத்திருந்தால், பென்சில் கோடு அரை மில்லிமீற்றர் விலகினாலே வெட்டும் புள்ளி அரை அலகு தள்ளிப் போய்விடும், ஐந்தரையா ஆறரையா என்று சொல்லமுடியாது. இங்கே இரண்டு கோட்டின் சமன்பாடுகளையும் சேர்த்து ஒருங்கமை சமன்பாடாகத் தீர்ப்பதுதான் வழி, ஒரு நிமிட வேலை.

கேத்திரகணிதத்தில் இரண்டையும் சேர்த்தே பிடிக்கவேண்டும். (0,0), (8,0), (2,6) என்ற முக்கோணிக்கு மூன்று உச்சிகளாலும் போகும் சுற்றுவட்டம் கீறச் சொன்னால், இரண்டு பக்கங்களின் செங்குத்து இருகூறாக்கிகள் வெட்டும் இடம் (4,2) என்று தாளிலேயே தெரிகிறது. ஆரை கவராயத்தில் நாலரை மாதிரி இருக்கும், √20 என்று சொல்ல அட்சரகணிதம் வேண்டும்.

இனி போன். அதில் வரைபு கீறும் செயலிகளான ஜியோஜீப்ரா, டெஸ்மோஸ் இரண்டும் இலவசம், நல்ல சாமான்கள். முக்கோணியின் ஒரு உச்சியை விரலால் இழுத்து, விரிகோணமானதும் சுற்றுவட்ட மையம் வெளியே போவதைப் பார்க்க அவற்றை விட்டால் வேறில்லை. ஆனால் வளைவை அவையே கீறி, வெட்டும் புள்ளியையும் தசமத்தோடு காட்டிவிடுவதால், அளவிடை தெரிவுசெய்வதும் அட்டவணை போடுவதும் பிள்ளைக்குப் பழகாது, பரீட்சையில் வரைபுக் கணக்குக்குப் புள்ளி கொடுப்பதோ அந்த வேலைகளுக்கும் சேர்த்துத்தான்.