பதினாறில் ஒன்றுதான் நிஜம்: 8கே டிவியுடன் நான்கு வருடம்

போன மாதம் டிவியின் பவர் போர்டு போய்விட்டது. சரியாகித் திரும்பி வர பதினேழு நாள். அதுவரை உள்ளறையில் கிடந்த பழைய 40 அங்குல ஹெச்டி டிவியை ஹாலில் தூக்கி வைத்தோம். முதல் நாள் "என்ன இவ்ளோ சின்னதா இருக்கு" என்று ஒரு முணுமுணுப்பு. இரண்டாம் நாள் அதுவும் இல்லை. படம் மங்கலாக இருக்கிறது என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. அம்மா ஒரு படி மேலே போய், "நியூஸ் வாசிக்கிற பொண்ணு மூஞ்சி இதுலதான் மூஞ்சி மாதிரி இருக்கு. உன் டிவில மெழுகு பொம்மை" என்றார். நான்கு வருடமாக அது என் கண்ணுக்கு மட்டும்தான் பட்டது என்று நினைத்திருந்தேன்.

அந்த மெழுகு எங்கிருந்து வருகிறது? 8கே திரையில் 7680 x 4320, கிட்டத்தட்ட 3.3 கோடி பிக்சல். ஹெச்டி சேனலில் வருவது 1920 x 1080, சுமார் 20 லட்சம். ஆக, திரையின் ஒவ்வொரு 16 பிக்சலிலும் ஒன்றுக்குத்தான் சரக்கு வருகிறது. மிச்சம் 15 டிவியின் ஊகம். ஹெச்டிக்கு முந்தைய பழைய எஸ்டி சேனல் என்றால் 80-க்கு 1. ஊகிப்பதில் கெட்டிக்கார டிவிதான், அதை மறுக்க மாட்டேன். எழுத்து, கட்டட விளிம்பு எல்லாம் கத்தி மாதிரி நிற்கும். ஆனால் முகத்தின் தோல் நுணுக்கத்தை அனுப்புகிற இடத்திலேயே அமுக்கித் துடைத்துவிட்டார்களே, இல்லாததை இது எங்கே போய்த் தேடும்? மேட்ச்சில் இன்னும் மோசம். கேமரா பந்தைத் துரத்தும்போது புல்தரை பச்சைக் களிம்பாகிவிடும். கேமரா நின்று அரை நொடி கழித்துப் புல் முளைக்கும். ஒரு தடவை கண்ணில் பட்டுவிட்டால் அப்புறம் ஸ்கோர் தெரியாது, புல்தான் தெரியும். வீட்டில் மற்றவர்களுக்கும் இதைக் காட்டிக் கொடுத்தது என் தப்பு.

இதற்கு டிவியைத் திட்டுவது நியாயமில்லை. நொடிக்கு 60 பிரேம் ஓடும் 8கே படத்தை அமுக்காமல் அனுப்பினால் நொடிக்குச் சுமார் 40 கிகாபிட். ஜப்பானின் பொது ஒளிபரப்பு நிறுவனமான என்ஹெச்கே 2018 டிசம்பர் 1-ல் செயற்கைக்கோள் வழியாக 8கே சேனல் தொடங்கியபோது, அதை நொடிக்குச் சுமார் 100 மெகாபிட்டுக்குள் (0.1 கிகாபிட்) அடக்கினார்கள். அமெரிக்காவின் பழைய டிஜிட்டல் தரமான ஏடிஎஸ்சி 1.0-ல் ஓர் அலைவரிசைக்கு மொத்தமே 19.39 மெகாபிட்தான். 2017-ல் அங்கே அனுமதி கிடைத்த ஏடிஎஸ்சி 3.0 குறிவைப்பதும் 4கே வரைக்கும்தான், அதாவது 8கே-யில் கால் பங்கு பிக்சல். அதையும் பழைய டிவியின் ட்யூனர் பிடிக்காது.

எனக்குக் கோபம் வருவது வேறு இடத்தில். வாங்கும்போது அட்டைப்பெட்டியில் 'எதிர்காலத்துக்குத் தயார்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. என் டிவிக்குத் தெரிந்தது ஹெச்ஈவிசி என்ற, வீடியோவை அமுக்கும் முறை. அதில் பாதி மெகாபிட்டில் அதே தரம் என்ற இலக்கோடு அதன் அடுத்த தலைமுறையான விவிசி 2020-லேயே வந்துவிட்டது. 8கே பரவலாக ஒளிபரப்பாகும் காலம் வந்தால் விவிசியில் வரத்தான் வாய்ப்பு அதிகம். அதைப் பிரித்துப் படிக்கும் டிகோடர் இதில் இல்லை. சாப்ட்வேர் அப்டேட்டில் வருமா என்று கேட்டேன். ரிப்பேருக்கு வந்தவர் சிரித்துக்கொண்டே, "சார், இதுல இதுவரைக்கும் 8கே ஏதாவது பார்த்திருக்கீங்களா?" என்றார். டெமோ வீடியோவைச் சொல்ல வாய் வரவில்லை.

தூரக் கணக்கு ஒன்று இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். 65 அங்குலத் திரையில் ஹெச்டியின் ஒரு பிக்சல் முக்கால் மில்லிமீட்டர். சாதாரணக் கண்ணுக்கு அது சுமார் 2.6 மீட்டருக்கு அப்பால் தனித்துத் தெரியாது. 4கே என்றால் 1.3 மீட்டர். ஆக, 4கே-யை விட 8கே-யின் அருமை தெரிய அந்த 1.3 மீட்டருக்குள் போக வேண்டும். எங்கள் சோபா மூன்று மீட்டரில்.

சரி, அப்புறம் ஏன் இன்னும் வைத்திருக்கிறேன்? போட்டோ. தாத்தாவின் பழைய பிலிம் நெகட்டிவ்களை நல்ல ஸ்கேனரில் ஏற்றி இதில் போட்டேன். டிவி ஊகிக்க வேலையே இல்லை. எல்லாப் பிக்சலும் நிஜம். போட்டோ என்றால் யாரும் சோபாவில் உட்கார்ந்து பார்ப்பதில்லை, எழுந்து கிட்டேதான் போகிறார்கள். அம்மா திரைக்கு ஒரு முழம் தள்ளி நின்று, தாத்தா கையில் இருந்த குடையில் ஒரு கம்பி முனை துணியை விட்டு வெளியே நீட்டிக்கொண்டிருப்பதைக் கண்டுபிடித்தார். "நான்தான் தைச்சுத் தரேன்னு சொல்லி மறந்துட்டேன்" என்றார். அன்றைக்கு சீரியல் ஓடவில்லை.

நேற்று நண்பன் போன் செய்தான். "8கே விலை இறங்கிடுச்சுடா, வாங்கவா?"

"வேண்டாம். நல்ல ஹெச்டிஆர், அதான் வெளிச்சத்தையும் இருட்டையும் நல்லா பிரிச்சுக் காட்டறது, அது இருக்கற 4கே-யா பார்த்து வாங்கு. பிக்சலை விட வெளிச்சம்தான் கண்ணுக்குத் தெரியும்."

"அப்போ உன்னோடத எனக்கு செகண்ட் ஹேண்ட்ல தந்துடேன்."

இன்னும் மூன்று நெகட்டிவ் சுருள் ஸ்கேன் செய்ய மிச்சம் இருக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டேன்.