ஜீப் ரிம்மை ஃபோர்டு ஸ்போக் வீல் என்று விற்கிறார்கள்: டயரைக் கழற்றாமல் வாங்காதீர்கள்

1930 ஃபோர்டு மாடல் ஏ காருக்காகக் கோவைப் பக்கம் பழைய சாமான் விற்பவர் ஒருவரிடம் ஐந்து ஸ்போக் வீல் வாங்கினோம். "ஃபோர்டு கம்பெனியோட 16 இஞ்சுங்க, வெட்டாத சாமானுங்க" என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார். புது கறுப்பு பெயின்ட் அடித்து, டயர் மாட்டியே கொடுத்தார், பணமும் முழுசாக முன்கூட்டியே வாங்கிக்கொண்டார். டயரைக் கழற்றினால் ஐந்துமே ஜீப் ரிம் (டயர் உட்காரும் வெளிவளையம்). ஸ்போக்கைக் குட்டையாக நறுக்கி உள்ளே வைத்துப் பற்றவைத்திருக்கிறார்கள். கேட்டால், "எல்லாரும் இப்பிடித்தானுங்க ஓட்டறாங்க" என்கிறார். பணம் வரவில்லை.

இந்த ஏமாற்று ஏன் எளிதாக நடக்கிறது என்றால், மாடல் ஏ வீலின் போல்ட் வட்டம் (போல்ட் ஓட்டைகள் அமைந்த வட்டத்தின் குறுக்களவு) 5½ இஞ்ச், ஐந்து போல்ட். பழைய வில்லிஸ் ஜீப்பிலும் அதேதான். எனவே ஹப்பில் (காரில் வீலை மாட்டும் நடுப்பாகம்) சரியாக உட்கார்ந்துவிட்டது என்பதெல்லாம் அத்தாட்சி ஆகாது. டயரோடு சேர்ந்த உயரமும் காட்டிக்கொடுக்காது: அசல் 4.75-19 டயர் (4.75 இஞ்ச் அகலம், 19 இஞ்ச் ரிம்) சுமார் 28½ இஞ்ச், ஜீப்பின் 6.00-16 சுமார் 28 இஞ்ச். அரை இஞ்ச் யார் கண்ணுக்குத் தெரியும்?

மாடல் ஏ-வுக்கு 1928-29இல் 21 இஞ்ச், 1930-31இல் 19 இஞ்ச். ஃபோர்டில் 16 இஞ்ச் ஸ்போக் வீல் 1935இல்தான் வந்தது, அதன் நடுக்குடம் பெரிது, மூடியும் பெரிது. சின்ன மூடிக் குடத்தோடு 16 இஞ்ச் ரிம் இருந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

அடுத்து வெல்டிங். ஃபோர்டின் இந்த வீல்களில் நிப்பிள் (ஸ்போக்கை இறுக்கும் சின்ன நட்டு) கிடையாது, ஸ்போக் இரு முனையிலும் தொழிற்சாலையிலேயே பற்றவைக்கப்பட்டது. அந்த மூட்டு வழவழப்பாக, எல்லா ஸ்போக்கிலும் ஒன்றுபோல இருக்கும். கையால் ராடு பிடித்துப் பற்றவைத்தது கட்டிகட்டியாக, ஓரத்தில் பள்ளம் விழுந்து நிற்கும். அதை மறைக்கத்தான் பட்டி பூசி பெயின்ட் அடிக்கிறார்கள். வீலின் பின்பக்கம் ஸ்போக் ரிம்மைத் தொடும் இடத்தில் உப்புத்தாள் போட்டு ஒரு விரல் அகலம் தேயுங்கள். காந்தம் வைத்தால் பட்டி இருக்கும் இடத்தில் பிடி தளரும். பிறகு டயரைக் கழற்றி ரிம்மின் இரு பக்கமும் பாருங்கள். ஜீப் வீலின் நடுத்தட்டை வெட்டி எடுத்த தழும்பு ரிம்மின் ஹப்பைப் பார்க்கும் உள்சுற்றில் இருக்கும், என்னதான் கிரைண்டர் பிடித்தாலும் முழுக்கப் போகாது. ரிம் வளையத்தில் குறுக்கு மூட்டு ஒன்றுக்கு மேல் இருந்தால் வெட்டிச் சுருக்கியது. அடைத்த பழைய வால்வு ஓட்டையும் அதே கதைதான்.

ஜாக்கியில் தூக்கிச் சுற்றி, ரிம் ஓரத்தில் சாக்பீஸ் பிடித்துக் கோட்டம் பாருங்கள். பக்கவாட்டில் 2 மி.மீ.க்கு மேல் ஆடினால் வேண்டாம்.

எம்ஜி மாதிரி நடு நட்டு வைத்த இங்கிலாந்து கார்களில் பிரச்சினை வேறு. அங்கே ஸ்போக் நிப்பிளில் பின்னியது, வீல் ஹப்பின் பல்லில் உட்காரும். பல் கத்திபோல் கூராகத் தேய்ந்திருந்தால் எந்த வெல்டிங்கும் காப்பாற்றாது. இடப்பக்க நட்டு வலது மறை (வலம் சுற்றினால் இறுகும்), வலப்பக்கம் இடது மறை. ஹப்பைப் பக்கம் மாற்றிப் போட்டுவிட்டால் ஓட ஓட நட்டு தானே கழலும்.

பார்வைக்கு அழகு போதும், கல்யாண ஊர்வலம்தானே என்று விடாதீர்கள். கைவெல்டிங்கின் சூட்டில் அருகில் உள்ள இரும்பு விறைத்துப்போகும், விரிசல் அங்கேதான் பிறக்கும். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் காரின் எடை வெளிப்பக்க முன்சக்கரத்தின் ஸ்போக்குகளைப் பக்கவாட்டில் இழுக்கிறது. ஒன்று விட்டால் பக்கத்து ஸ்போக்கும் விடும்.

பில்லில் "வீல் செட்" என்று மட்டும் எழுத விடாதீர்கள். எந்த ஆண்டு, எத்தனை இஞ்ச், வெட்டாதது, பற்றவைக்காதது என்று எழுதி வாங்குங்கள். பாதிப் பணம் டயர் கழற்றிப் பார்த்த பிறகு. ஏற்கெனவே ஏமாந்தவர்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுக்குள் மனு கொடுக்கலாம். அதற்காக, பெயின்டைச் சுரண்டும் முன்பும் பின்பும் ஐந்து வீலையும் தனித்தனியே படம் எடுத்து வையுங்கள், ரிம்மின் உள்பக்கத்தோடு.