அபெரிஸ்ட்வித்தில் நான்கு வருஷம்: ஒரு கடலோரப் பல்கலைக்கழகத்தின் பயன்பாட்டு அனுபவம்

2013 செப்டம்பரில் முனைவர் பட்ட ஆய்வுக்காக வேல்ஸின் அபெரிஸ்ட்வித்துக்குக் கிளம்பினேன். பர்மிங்ஹாமிலிருந்து ரயிலில் சுமார் மூன்று மணி நேரம். ஷ்ரூஸ்பரி தாண்டினால் ஒற்றைத் தண்டவாளம், ஆடுகள், மழை. மக்கின்லெத் ஸ்டேஷனில் ரயிலையே இரண்டாகப் பிரித்துவிடுவார்கள். ஒரு பாதி அபெரிஸ்ட்வித்துக்கு, மறுபாதி கடலோரமாக வடக்கே புல்ஹெலிக்கு. அதை அறிவித்தபோது நான் நல்ல தூக்கத்தில் இருந்தேன். பதறி எழுந்து, பக்கத்தில் இருந்தவரை விசாரித்து, அடுத்த ஸ்டேஷனில் குதித்தேன். டவி ஜங்ஷன். ஜங்ஷன் என்றால் விழுப்புரம் மாதிரி டீ, வடை என்று பழகியவன் நான். இங்கே ஒரு பிளாட்பாரம், மழைக்கு ஒதுங்க ஒரு கூரை, சுற்றிலும் சதுப்பு நிலம், அவ்வளவுதான். இரண்டு பெட்டிகளோடு இரண்டு மணி நேரம் கொக்கு மாதிரி நின்றேன்.

இந்த ஊரின் முக்கியமான குணம் அதுதான்: எதற்கும் தூரம். முதல் வருஷம் முழுக்க இதைக் குறையாகவே சொல்லிக்கொண்டிருந்தேன். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக அபிப்பிராயம் மாறியது. எங்கும் போக முடியாத ஊரில் எல்லோரும் எல்லோருக்கும் தெரிந்தவர்களாகிவிடுகிறார்கள். காலையில் என் ஆய்வைக் கிழித்துத் தொங்கவிட்ட பேராசிரியர் மாலையில் கடற்கரைச் சாலையில் நாயோடு எதிரே வருவார். அந்தச் சாலையின் வடகோடியில், கான்ஸ்டிடியூஷன் குன்றின் அடிவாரத்தில், ஒரு இரும்புக் கம்பித் தடுப்பு இருக்கிறது. அதுவரை நடந்துபோனால் அதைக் காலால் ஒரு தட்டுத் தட்டிவிட்டுத்தான் திரும்ப வேண்டும். ஏன் என்று கேட்டால் ஆளுக்கு ஒரு கதை. எனக்கு முதல் வாரத்திலேயே தொற்றிக்கொண்டது. வயதானவர்களும் தட்டுகிறார்கள், குழந்தையைத் தூக்கி அதன் காலால் தட்ட வைக்கிறார்கள்.

இனி வரலாறு. கடலை ஒட்டி, 13-ஆம் நூற்றாண்டுக் கோட்டையின் இடிபாடுகளுக்குப் பக்கத்தில், பழைய கல்லூரிக் கட்டடம் நிற்கிறது. கட்டியது கல்லூரிக்காக அல்ல, ஹோட்டலுக்காக. தாமஸ் சேவின் என்ற ரயில்பாதை ஒப்பந்தக்காரர், ரயில் வந்தால் கூட்டமும் வரும் என்று கணக்குப் போட்டு சுமார் 80,000 பவுண்டு கொட்டினார். கட்டி முடிவதற்குள் திவால். 1867-இல் வேல்ஸுக்கு ஒரு பல்கலைக்கழகம் வேண்டும் என்று அலைந்துகொண்டிருந்த குழு அதை 10,000 பவுண்டுக்கு வாங்கியது. 1872 அக்டோபரில் 26 மாணவர்களோடு வகுப்பு தொடங்கியது. கட்டடத்தின் கடல் பக்கச் சுவரில் ஒரு மொசைக் படம் உண்டு: நடுவில் ஆர்க்கிமிடீஸ், இருபுறமும் அவரிடம் ரயிலையும் கப்பலையும் நீட்டுகிறவர்கள். ரயிலால் திவாலானவர் கட்டத் தொடங்கிய கட்டடத்தில் ரயிலையே பதித்த குறும்பை நான் ரசித்திருக்கிறேன்.

முதல் பத்து வருஷம் அரசு மானியம் கிடையாது. தேவாலயங்களில் 'பல்கலைக்கழக ஞாயிறு' என்று ஒரு நாள் வைத்து உண்டியல் எடுத்தார்கள். கல்குவாரித் தொழிலாளியும் சுரங்கத் தொழிலாளியும் சின்ன விவசாயியும் போட்ட சில்லறையில்தான் அது பிழைத்தது. 1885-இல் கட்டடத்தின் பெரும்பகுதி தீயில் போனபோதும் மறுபடி வசூல், மறுபடி கட்டுமானம். என் ஆய்வு அறையில் எதிர் மேஜையில் இருந்த பெண் ஸ்லேட் குவாரி ஊர்க்காரி. ஒருநாள் அந்தப் பக்கம் நடந்தபோது சர்வசாதாரணமாகச் சொன்னாள்: "எங்க கொள்ளுத்தாத்தா போட்ட காசுல ஒரு கல்லாவது இதுல இருக்கும்." எந்தக் கல் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் தேடிவிட்டு, மழைநீர்க் குழாய்க்குப் பக்கத்தில் ஒன்றைக் காட்டினாள்.

உலகிலேயே முதல் சர்வதேச அரசியல் துறை இங்கேதான், 1919-இல் தொடங்கியது. முதல் உலகப்போரில் இறந்த மாணவர்களின் நினைவாக டேவிட் டேவிஸும் அவருடைய சகோதரிகளும் நிதி கொடுத்து, பேராசிரியர் பதவிக்கு அமெரிக்க அதிபர் உட்ரோ வில்சனின் பெயரை வைத்தார்கள். பின்னாளில் அந்த நாற்காலிக்கு வந்த வரலாற்றாசிரியர் இ.எச்.கார், நாடுகள் கூடிப் பேசியே போரைத் தவிர்க்கலாம் என்ற வில்சன் வகை லட்சியவாதத்தை அதில் உட்கார்ந்தபடியே வெளுத்து வாங்கினார். நன்கொடையாளர் நொந்துபோனதில் ஆச்சரியமில்லை. 1969-இல் இன்றைய மன்னர் சார்லஸ் இங்கே ஒரு பருவம் வெல்ஷ் மொழி படித்தார். ஆசிரியராக வாய்த்தவர் ஒரு வெல்ஷ் தேசியவாதி. இதை ஊரில் யாரும் சிரிக்காமல் சொல்லி நான் கேட்டதில்லை.

சரி, தங்கும் கதை. கடல் தெரியும் ஜன்னல் வேண்டும் என்று அடம்பிடித்து, கடற்கரைச் சாலையில் ஒரு தனியார் வீட்டின் மூன்றாம் மாடியில் வாடகைக்குப் போனேன். ஒரே மாதத்தில் ஜன்னல் கண்ணாடியில் உப்பு படிந்து கடல் தெரியவில்லை. சுவரில் ஓதம், அலமாரிக்குப் பின்னால் பூஞ்சணம். வீட்டுக்காரரிடம் சொன்னேன். "ஜன்னலைத் திறந்து வைங்க" என்றார். திறந்தால் காற்று மேஜை விளக்கைத் தள்ளிவிடும். 2014 ஜனவரிப் புயலில் கடலோரக் கட்டடங்களிலிருந்து எங்களையெல்லாம் வெளியேற்றினார்கள். திரும்பி வந்தபோது சாலை முழுக்கக் கூழாங்கல், நடைபாதைப் பலகைக்கற்கள் அப்பளம் மாதிரி பெயர்ந்து கிடந்தன. அடுத்த வருஷமே மேட்டுப் பக்கம் மாறிவிட்டேன். முன்பணத்தில் பூஞ்சணத்துக்கென்று 80 பவுண்டு பிடித்துக்கொண்டார். கடலைப் பார்க்க வேண்டுமானால் நடந்து போய்ப் பாருங்கள். அதோடு குடித்தனம் வேண்டாம்.

பெரும்பாலான வகுப்புகள் பெங்லைஸ் குன்றின் மேல். ஊருக்குள்ளிருந்து ஏறினால் இருபது, இருபத்தைந்து நிமிஷம். முழங்காலுக்குத் தனிப்பாடம். பாதி வழியில் வேல்ஸ் தேசிய நூலகம். பிரிட்டனில் அச்சாகும் எந்தப் புத்தகத்தையும் கேட்டுப் பெறும் சட்ட உரிமை உள்ள நூலகங்களில் ஒன்று. இவ்வளவு சின்ன ஊரில் அப்படியொரு நூலகம் நடக்கும் தூரத்தில் இருப்பதன் அருமை, ஊரை விட்டு வந்த பிறகுதான் உறைக்கிறது.

என் வேலை புல். சிரிக்காதீர்கள். ஊருக்கு வெளியே கோகெர்தனில் புல் வளர்ப்பு ஆராய்ச்சி நடக்கிறது. அதற்கு வித்திட்ட தாவர இனப்பெருக்க நிலையத்தை ஜார்ஜ் ஸ்டேபிள்டன் 1919-இல் தொடங்கினார். இங்கே உருவான ரைகிராஸ் என்ற தீவனப் புல் ரகங்களின் பெயர்கள் 'அபெர்' என்று ஆரம்பிக்கும்: அபெர்டார்ட், அபெர்மேஜிக். புல்லில் சர்க்கரை கூடினால் மாட்டின் வயிற்று நுண்ணுயிர்கள் புல்லின் புரதத்தை நன்றாகப் பயன்படுத்திக்கொள்ளும். மூத்திரத்தில் வீணாகும் நைட்ரஜன் குறையும். விரல் விறைக்கும் பிப்ரவரியில் தொட்டி தொட்டியாகப் புல்லை வெட்டி எடைபோட்டதுதான் என் இளமை. ஊருக்குப் போனில் பேசினால் அம்மா, "இன்னும் புல்லுதான் அறுக்கிறியா?" என்பார்.

மொழி விஷயம் எதிர்பாராதது. அலுவலக மின்னஞ்சல் முதலில் வெல்ஷில், கீழே ஆங்கிலத்தில். சாலையில் பெரிதாக 'அராவ்' என்று எழுதியிருக்கும். மெதுவாகப் போ என்று அர்த்தம். பஸ்ஸை விட்டு இறங்கும்போது டிரைவருக்கு 'தியோல்ஹ்', அதாவது நன்றி, சொல்லாமல் இறங்க மனம் வராது. தேர்வை வெல்ஷில் எழுதலாம், ஆய்வேட்டையும் கொடுக்கலாம். இதெல்லாம் சும்மா வந்ததில்லை. 1963 பிப்ரவரியில் நீதிமன்ற சம்மன் வெல்ஷில் வேண்டும் என்று மாணவர்கள் இங்கே ட்ரெவெஹன் பாலத்தில் உட்கார்ந்து போக்குவரத்தை நிறுத்தினார்கள். எதிர் மேஜைக்காரி புல்லின் மரபணுவைப் பற்றி அவள் அம்மாவிடம் வெல்ஷிலேயே போனில் விளக்குவாள். 'இன்னும் புல்லுதான்' என்ற கேள்விக்கு நான் நாலு வருஷமாக "ஆமாம்மா" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தது அப்போதுதான் உறுத்தியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து தமிழில் முழுசாகச் சொல்லிப் பார்த்தேன். ரூமன் என்பதற்கு நான் தடுமாறியபோது அம்மாவே "அசைபோடுற இரைப்பையா?" என்று எடுத்துக் கொடுத்தார்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். குடை பிடிக்கவே முடியாது. நான்கு குடைகளைக் காற்றுக்குக் கொடுத்தேன். பகுதிநேர வேலை அரிது. புளி, இட்லி அரிசிக்குப் பர்மிங்ஹாம் போய் மூட்டை கட்டி வர வேண்டும். டிசம்பரில் நாலு மணிக்கெல்லாம் இருட்டு. பெருநகர ஆசையோடு வருபவர் ஒரே பருவத்தில் ஓடிவிடுவார், ஓடியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஆனால் அதே இருட்டுக்குச் சற்று முன்னால், குளிர்காலத்தில், கடலுக்குள் நீளும் பழைய பாலத்துக்குப் போங்கள். ஆயிரக்கணக்கான ஸ்டார்லிங்குகள் வரும். நம் சோளக்கொல்லையில் இறங்கும் சூறைக்குருவிக்குச் சொந்தக்காரப் பறவை. புகை மாதிரி சுருண்டு, விரிந்து, கடைசியில் யாரோ வாளியைக் கவிழ்த்த மாதிரி பாலத்துக்கு அடியில் கொட்டும். பிறகு உள்ளிருந்து சந்தை இரைச்சல். நாலு வருஷத்தில் எத்தனை மாலைகள் அங்கே நின்றேன் என்று கணக்கில்லை. தலைக்கு மேல் பறக்கும்போது மட்டும் வாயை மூடிக்கொள்ளுங்கள்.

போன மாதம் சித்தப்பா மகன் அங்கே இடம் கிடைத்திருக்கிறது, சேரலாமா என்று கேட்டான். தாராளமாகச் சேர், கடலோரத்தில் வீடு எடுக்காதே என்றேன். மக்கின்லெத்தில் தூங்காதே என்றும்.